‘பை அண்ட் லார்ஜ்’ என்றால் பெரிதாகப் பாராட்டுகிறார்கள் என்று பொருளா?

தறிநூல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர்களிடமிருந்து, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து, வரும் மின்னஞ்சல்களைப் படித்து முதலாளிக்குத் தமிழில் சொல்வதும், அவர் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவதும் என் வேலையில் பாதி. சென்ற மாதம் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கடிதத்தில் இரண்டு வாக்கியங்களை நான் தவறாகப் புரிந்துகொண்டதால் பெரிய சங்கடம் நேர்ந்துவிட்டது.

முதல் வாக்கியம் இது: ‘யுவர் டீம் ஹேஸ் பை அண்ட் லார்ஜ் கெப்ட் டு த ஷெட்யூல்.’ ‘லார்ஜ்’ என்ற சொல்லைப் பார்த்ததும், நாம் குறித்த நாளில் சரக்கு அனுப்புவதைப் பெரிய அளவில் பாராட்டியிருக்கிறார்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இரண்டாவது வாக்கியம் இது: ‘சூனர் ஆர் லேட்டர் வி வில் ஹேவ் டு டாக் அபௌட் த ரிஜெக்‌ஷன்ஸ்.’ செக்கிங்கில் கழிந்த துணிகளைப் பற்றிச் சீக்கிரமாகவோ தாமதமாகவோ பேசலாம் என்கிறார்கள், அவசரமில்லை போலிருக்கிறது என்று இதற்கும் நானே ஒரு பொருள் சொன்னேன். முதலாளி நிம்மதியாகிவிட்டார். பத்து நாள் கழித்து அவர்கள் வீடியோ அழைப்பில் வந்து ரிஜெக்‌ஷன் கணக்கைக் கேட்டபோது எங்கள் கையில் ஒரு தாள்கூட இல்லை.

பள்ளியில் ‘இணையாக வரும் வினையடைகள்’ என்று பதினைந்து இருபது தொடர்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். இன்றைக்கும் வரிசையாக ஒப்பிப்பேன். ஆனால் வாக்கியத்துக்குள் வந்து நிற்கும்போது அவற்றை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இவற்றைப் படிப்பதற்கு வேறு வழி ஏதேனும் இருக்கிறதா?

பழைய வாத்தியார் எழுதியது:

தம்பி, நீங்கள் செய்தது ஆங்கிலம் தெரியாதவர் செய்யும் பிழை அன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியே பொருள் தெரிந்தவர் செய்யும் பிழை. இந்தத் தொடர்களில் இரண்டு சொற்கள் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறதே தவிர, பொருளில் அவை ஒரே சொல்தான். ‘ஏறக்குறைய நாற்பது பேர் வந்தார்கள்’ என்று நாம் சொல்லும்போது யார் ஏறினார்கள், யார் குறைந்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. ஏறுதலும் குறைதலும் சேர்ந்து, கணக்குத் துல்லியமாக இல்லை என்ற மூன்றாவது பொருளைத் தருகின்றன. ஆங்கிலத்தின் ‘மோர் ஆர் லெஸ்’ இதே அச்சில் வார்த்ததுதான்.

‘பை அண்ட் லார்ஜ்’ என்றால் ‘மொத்தத்தில் பார்த்தால்’, ‘பெரும்பாலும்’ என்று பொருள். பாராட்டில் அது வந்தால், ஒரு பிடி குறைத்து அளந்த பாராட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். குறித்த நாளில் அனுப்பினீர்கள், ஆனால் எப்போதும் அல்ல என்பதை முகம் சுளிக்காமல் சொல்லும் முறை அது. இத்தகைய வரியைப் பார்த்தவுடன் கீழே எங்கேனும் ஒரு ‘ஆனால்’ ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது நல்லது; உங்களுக்கு அடுத்த வரியிலேயே வந்துவிட்டது.

‘சூனர் ஆர் லேட்டர்’ தொடரில் ‘ஆர்’ இருப்பதால் நமக்குத் தேர்வு கொடுக்கிறார்கள் என்று தோன்றும். உண்மையில் அது கதவை மூடுகிற தொடர். ‘இன்றில்லாவிட்டால் நாளை இது நடந்தே தீரும்’ என்கிறோமே, அதுதான். பெரும்பாலும் ‘வில்’ என்ற எதிர்காலத் துணைவினையோடோ, ‘ஹேவ் டு’ என்ற கட்டாயத்தோடோ வரும். உங்கள் வாக்கியத்தில் இரண்டுமே இருந்தன. அவர்கள் எவ்வளவு பொறுமையிழந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று.

பட்டியலை மனப்பாடம் செய்வதில் உள்ள குறை என்னவென்றால், ஒவ்வொரு தொடரும் எந்த வினையோடு சேரும், எந்தக் காலத்தில் வரும், வாக்கியத்தின் எந்த இடத்தில் உட்காரும் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. ‘ஃபார் அண்ட் வைட்’, ‘ஃபார் அண்ட் அவே’ இரண்டும் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும். முதலாவது பரவுதல், பயணம் செய்தல், தேடுதல் போன்ற வினைகளுக்குப் பின்னால் வரும்: ‘த நியூஸ் ஸ்ப்ரெட் ஃபார் அண்ட் வைட்.’ இரண்டாவது ‘பெஸ்ட்’, ‘பிகஸ்ட்’ போன்ற உச்சநிலைச் சொற்களுக்கு முன்னால் வரும்: ‘ஷி இஸ் ஃபார் அண்ட் அவே த பெஸ்ட் டெய்லர் இன் த யூனிட்.’ ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் வாக்கியம் நொண்டும். நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன்: நானும் என் மாணவர்களுக்குப் பட்டியலைத்தான் கொடுத்தேன்.

கடலோடி எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒரு சேதியைச் சேர்க்கிறேன். ‘பை அண்ட் லார்ஜ்’ எங்கள் தொழிலில் பிறந்த தொடர். பாய்மரக் கப்பல் காலத்தில், காற்று வரும் திசைக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகக் கப்பலைச் செலுத்துவதை ‘பை’ என்றார்கள். காற்று பின்பக்கமிருந்து தள்ள, பாயை நன்றாக விரித்து ஓடுவதை ‘லார்ஜ்’ என்றார்கள். இரண்டு நிலையிலும் ஒரு கப்பல் நன்றாக ஓடினால், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில் அது நல்ல கப்பல். அந்தச் ‘சேர்த்துப் பார்க்கையில்’தான் பிற்பாடு கரையேறி, கடலையே பார்க்காதவர்களின் கடிதத்துக்குள்ளும் வந்துவிட்டது. 1669-இல் அச்சான மாலுமிக் கையேடு ஒன்றிலேயே இந்தத் தொடர் கடல் சார்ந்த பொருளில் இருக்கிறது.

‘ஹை அண்ட் ட்ரை’ என்பதும் கடலோரத்துத் தொடர்தான். வெள்ளம் வற்றியபின் கப்பல் மேட்டில் தட்டிக் காய்ந்து கிடப்பது அது. இன்று ஒருவரை உதவியின்றி அம்போவென்று விட்டுவிட்டுப் போவதைச் சொல்ல ‘லீவ்’ என்ற வினையோடு வருகிறது.

நான் வேலை பார்ப்பது எஞ்சின் கப்பலில். பாயும் கிடையாது, மரமும் கிடையாது. ஆனாலும் முதல் பயணத்தில் தலைமை மாலுமி இந்தத் தொடரைச் சொன்னபோது என் காதில் ‘பையன் லார்ஜ்’ என்றுதான் விழுந்தது. எந்தப் பையனைப் பற்றிச் சொல்கிறார் என்று இரண்டு நாள் யோசித்தேன். பேச்சில் நடுவிலுள்ள ‘அண்ட்’ தேய்ந்து வெறும் ‘அன்’ ஆகிவிடும், அழுத்தம் இரண்டாவது சொல்லில் போய் விழும் என்பதை யாரேனும் முன்பே சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாளும் மிச்சமாகியிருக்கும்.

இரவுப்பணி எழுதியது:

இங்கிலாந்தில் செவிலியாக இருக்கிறேன். மருத்துவமனையில் இந்த இணைத்தொடர்கள் இல்லாமல் ஒரு நாளும் நகராது. பிழையாகச் சொன்னால் அதன் விளைவும் உடனே தெரியும்.

பணி மாறும்போது நோயாளிகளை அடுத்த குழுவிடம் வாய்மொழியாக ஒப்படைப்போம். நான் சேர்ந்த புதிதில், நள்ளிரவிலிருந்து விட்டுவிட்டு வயிற்றுவலி வந்த ஓர் அம்மாவைப் பற்றி ‘ஷி இஸ் ஹேவிங் பெய்ன் ஆன் அண்ட் ஆஃப்’ என்று சொன்னேன். மூத்த செவிலி உடனே நிமிர்ந்து, இந்த நிமிடம் வலிக்கிறதா, வலிக்கு மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்டார். அந்த அம்மாவோ தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டியது ‘ஷி ஹேஸ் பீன் ஹேவிங் பெய்ன் ஆன் அண்ட் ஆஃப் சின்ஸ் மிட்நைட்’ என்பது. ஒரு நேரத்தில் தொடங்கி இடையிடையே நின்று நின்று இதுவரை வந்துகொண்டிருக்கும் எதையும் ‘ஹேஸ் பீன்’ என்ற வடிவத்தில்தான் இங்கே சொல்வார்கள். தமிழில் ‘காலையிலிருந்து விட்டுவிட்டு மழை பெய்கிறது’ என்று நிகழ்காலத்தில் சொல்வது முற்றிலும் சரி; அதை அப்படியே கொண்டுபோய் ‘இட் இஸ் ரெய்னிங் ஆன் அண்ட் ஆஃப் சின்ஸ் மார்னிங்’ என்கிறோம். ஊரில் எல்லோரும் புரிந்துகொள்வார்கள். இங்கே ஒரு கணம் நின்று யோசிப்பார்கள்.

இன்னொன்று ‘அப் அண்ட் அபௌட்’. இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு முதியவரைப் பற்றி மருத்துவர் ‘ஹி இஸ் அப் அண்ட் அபௌட்’ என்று சொல்லி நிறுத்திவிட்டார். ‘அபௌட் டு’ என்ன செய்யப்போகிறார் என்று மீதி வாக்கியத்துக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன். வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டது. படுக்கையை விட்டு எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார் என்பதுதான் சேதி. அவரே வீடு திரும்பி, கடைத்தெரு, பூங்கா என்று வெளியே போய்வரத் தொடங்கினால் ‘அவுட் அண்ட் அபௌட்’.

‘ஷி ஹேஸ் பீன் இன் அண்ட் அவுட் ஆஃப் ஹாஸ்பிடல் ஆல் இயர்’ என்று உறவினர் சொன்னால் அது சோகமான வாக்கியம். போய்ப் பார்த்துவிட்டு வருவதையன்று, திரும்பத் திரும்ப உள்நோயாளியாகச் சேர்க்கப்படுவதை அது குறிக்கிறது. ‘இந்த வருசம் முழுக்க வீடும் ஆஸ்பத்திரியுமாக இருக்கிறோம்’ என்று எங்கள் அம்மா சொல்வாரே, அதே பெருமூச்சு.

தறிநூல் எழுதியது:

அக்கா, ‘வீடும் ஆஸ்பத்திரியுமாக’ என்று படித்தவுடன் அந்தத் தொடர் மனத்தில் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் இப்படித் தமிழில் ஓர் இணை தேடி வைத்துக்கொண்டால் போதும் என்று தோன்றுகிறது. ஒரே ஓர் ஐயம்: ‘ஆஃப் அண்ட் ஆன்’ என்றும் எங்கோ படித்திருக்கிறேன். வரிசையை மாற்றலாமா?

சொல்லடுக்கு எழுதியது:

அந்த ஒன்றில் மாற்றலாம். ‘ஆன் அண்ட் ஆஃப்’, ‘ஆஃப் அண்ட் ஆன்’ இரண்டும் வழக்கில் உள்ளன. அது விதிவிலக்கு. மற்றவற்றில் பெரும்பாலும் வரிசையை மாற்றினால் சொல்லே உடைந்துவிடும். ‘தென் அண்ட் நவ்’ என்றால் ‘அன்றும் இன்றும்’ என்று ஒப்பிடுகிற தொடராகிவிடும். ‘நவ் அண்ட் தென்’ என்றால் ‘அவ்வப்போது’. ‘வைட் அண்ட் ஃபார்’ என்று எவரும் சொல்வதில்லை.

இந்த மாறாத வரிசையைப் பற்றி மொழியியலார் நிறையவே எழுதியிருக்கிறார்கள். யாக்கோவ் மால்கியேல் 1959-இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய தொடர்களைத் திருப்பிப்போட முடியாத இணைகள் என்று பெயரிட்டு ஆராய்ந்தார். 1975-இல் கூப்பரும் ராஸும் வேறொரு கோணத்தில் பார்த்தார்கள்: பேசுகிறவனுக்கு எது அருகில் இருக்கிறதோ அது முதலில் வரும், ‘நான் முதலில்’ என்பதே விதி என்றார்கள். ‘ஹியர் அண்ட் தேர்’ என்பதில் இங்கு முந்துகிறது. ‘நவ் அண்ட் தென்’ என்பதில் இப்போது முந்துகிறது. இவர்களுக்கெல்லாம் மிக முன்பே, உம்மைத்தொகை போன்ற வடமொழித் தொகைகளில் குறைந்த உயிரெழுத்துகள் கொண்ட சொல் முன்னே வரும் என்று பாணினி ஒரு சூத்திரத்தில் சொல்லி வைத்திருக்கிறார்.

தறிநூல் சொன்ன வழி பயன்படும், ஆனால் இந்த இடத்தில்தான் அது காலை வாரும். நம் மொழியில் பெரும்பாலும் தொலைவில் இருப்பதே முந்துகிறது. அவர்கள் ‘ஹியர் அண்ட் தேர்’ என்பதை நாம் ‘அங்கும் இங்கும்’ என்கிறோம், ‘அங்கொன்றும் இங்கொன்றுமாக’ என்கிறோம். அவர்கள் பெரிதும் ‘டே அண்ட் நைட்’ என்கிறார்கள். நாம் ‘அல்லும் பகலும்’, ‘இரவு பகலாக’ என்கிறோம். அவர்கள் ‘கம் அண்ட் கோ’ என்று வந்துவிட்டுப் போகிறார்கள். நாம் போய்விட்டு வருகிறோம், ‘போக்குவரத்து’ என்ற சொல்லிலேயே போக்குத்தான் முதலில் நிற்கிறது. ஆகவே பொருளைத் தமிழ் இணையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், வரிசையை எடுக்கக் கூடாது. ‘தேர் அண்ட் ஹியர்’ என்று நம்மவர் எழுதுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அச்சுப் பிசகாமல் பொருந்துவனவும் உண்டு. ‘ஹி லுக்ட் மி அப் அண்ட் டவுன்’ என்பதற்கு ‘என்னை ஏற இறங்கப் பார்த்தான்’ என்பதைவிடச் சரியான தமிழ் கிடையாது. பார்வையில் உள்ள அலட்சியம்கூட இரண்டிலும் ஒன்றே.

பழைய வாத்தியார் எழுதியது:

‘நான் முதலில்’ என்ற விதிக்கு ஒரு குடைச்சல் கொடுக்கிறேன். ‘பேக் அண்ட் ஃபோர்த்’ என்பதில் பின்னால் என்பது முதலில் வருகிறதே? முன்னே போன பிறகுதானே பின்னே வர முடியும். நாமாவது ‘முன்னும் பின்னும்’ என்று ஒழுங்காகச் சொல்கிறோம். இந்தத் தொடர் இப்போது மின்னஞ்சல் போக்குவரத்துக்கு நன்றாகப் பயன்படுகிறது: ‘வி வென்ட் பேக் அண்ட் ஃபோர்த் ஆன் த ப்ரைஸ்’ என்றால், விலையில் இரு பக்கமும் மாறி மாறி எழுதி இழுபறியாக இருந்தது என்று பொருள்.

இதன் அண்ணன் ‘டு அண்ட் ஃப்ரோ’. அதிலுள்ள ‘ஃப்ரோ’ வட ஐரோப்பாவின் பழைய மொழியான நார்ஸிலிருந்து வந்தது, ‘ஃப்ரம்’ என்பதற்கு உறவு. இந்தத் தொடரை விட்டு வெளியே இன்று அது பிழைப்பதில்லை. ஆகவே இதை ஆங்கிலத்து இரட்டைக்கிளவி என்று சொல்லலாம் என்பது என் கருத்து. பிரித்தால் பொருள் தராது என்பதுதானே இலக்கணம்.

கிள்ளான்வாசி எழுதியது:

வாத்தியார் ஐயா மன்னிக்க வேண்டும். இரட்டைக்கிளவியில் ஒரே சொல் இரட்டித்து வர வேண்டும்: சலசல, கடகட. ‘டு அண்ட் ஃப்ரோ’ அப்படியன்று. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் இணைமொழி என்று தனிப் பிரிவாகவே பயில்கிறோம். ‘அக்கம் பக்கம்’, ‘கண்ணுங் கருத்தும்’, ‘அரிய பெரிய’ எல்லாம் அதில் வரும். ‘அக்கம் பக்கம்’ தொடரில் பக்கத்துக்குப் பொருள் உண்டு, அக்கம் இன்றைய பேச்சில் தனியே புழங்குவதில்லை. ‘ஃப்ரோ’ அந்த அக்கத்தைப் போன்றது. ‘ஃபர்ஸ்ட் அண்ட் ஃபோர்மோஸ்ட்’ மோனையால் கட்டிய இணைமொழி, ‘ஃபேர் அண்ட் ஸ்குவேர்’ இயைபால் கட்டியது. முதலாவதைக் கல்லூரி மேடைகளில் நன்றியுரை சொல்பவர்கள் தேய்த்தே அழித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

அடுக்குத்தொடருக்கு ஒப்பானவை ‘அகெயின் அண்ட் அகெயின்’, ‘ஓவர் அண்ட் ஓவர்’, ‘ரவுண்ட் அண்ட் ரவுண்ட்’. இங்கேதான் தமிழர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். நாம் ‘மெல்ல மெல்ல’, ‘திரும்பத் திரும்ப’ என்று ஒட்டாமல் அடுக்குகிறோம். ஆங்கிலம் நடுவில் ஓர் ஆணி அடித்தால்தான் அடுக்கும். அந்த ஆணி சில இடத்தில் ‘அண்ட்’, சில இடத்தில் ‘பை’. ‘மெல்ல மெல்ல’ என்பதை ‘ஸ்லோலி ஸ்லோலி’ என்று சொல்லாமல் ‘லிட்டில் பை லிட்டில்’ என்று சொல்ல வேண்டும். தாமதமானாலும் நிச்சயம் முடியும் என்ற உறுதியும் சேர்ந்தால் ‘ஸ்லோலி பட் ஷ்யூர்லி’. ‘ஒவ்வொன்றாக’ என்பது ‘ஒன் பை ஒன்’. ‘குளிர் கூடிக்கொண்டே போகிறது’ என்பது ‘கோல்டர் அண்ட் கோல்டர்’. கோலாலம்பூர்ச் சாப்பாட்டுக் கடையில் ‘ஹாட் ஹாட்’ தோசை கேட்டால் கிடைக்கும்தான். அதை எழுத்தில் கொண்டுவரக் கூடாது.

பழைய வாத்தியார் எழுதியது:

ஒப்புக்கொண்டேன். இணைமொழி என்பதே சரி.

பாளையங்கோட்டைக்காரன் எழுதியது:

பள்ளிப் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறும் ‘பை அண்ட் பை’ என்ற தொடரை இதுவரை யாரும் தொடவில்லை. ‘போகப் போக’, ‘கொஞ்ச காலத்தில்’ என்பது அதன் பொருள். ஆனால் 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், மாற்கு 6:25-இல், யோவானின் தலையைக் கேட்கும் பெண் ‘பை அண்ட் பை’ தர வேண்டும் என்கிறாள். அதைப் படித்துவிட்டு, இவள் ஏன் ‘மெதுவாகக் கொடுத்தால் போதும்’ என்கிறாள் என்று சிறுவயதில் குழம்பினேன். தமிழ் வேதாகமத்தில் அதே இடத்தில் ‘இப்பொழுதே’ என்றிருக்கிறது. அந்தக் காலத்தில் ‘பை அண்ட் பை’ என்றால் உடனே என்றுதான் பொருளாம். உடனே செய்கிறேன் என்று சொல்லிவிட்டு மனிதர்கள் தள்ளிப்போட்டுப் போட்டு, சொல்லின் பொருளும் தள்ளிப்போய்விட்டது. ‘சூன்’, ‘ப்ரெசண்ட்லி’ ஆகியவற்றுக்கும் இதே கதிதான் என்கிறார்கள். நம்மூரில் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பதற்கு எவ்வளவு நேரம் என்று யாருக்குத் தெரியும்? எப்படியும், இன்றைய கடிதங்களில் இந்தத் தொடர் அநேகமாக வருவதில்லை; மனப்பாடப் பட்டியலிலிருந்து முதலில் இதை எடுத்துவிடலாம்.

ஐயப்பாடு எழுதியது:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அலுவலகக் கடிதத்தில் இவையெல்லாம் எதற்கு? ‘ஜெனரலி’, ‘அக்கேஷனலி’, ‘ரிப்பீட்டட்லி’ என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் பிழைக்கே இடமில்லையே?

இரவுப்பணி எழுதியது:

எழுதுவதற்கு நீங்கள் சொல்வது பாதுகாப்பான வழிதான். நானும் குறிப்பேட்டில் ‘இண்டர்மிட்டண்ட்’ என்றுதான் எழுதுகிறேன். ஆனால் படிப்பதும் கேட்பதும் நம் கையில் இல்லையே. நோயாளி ஒருபோதும் ‘இண்டர்மிட்டண்ட்’ என்று சொல்வதில்லை, ‘ஆன் அண்ட் ஆஃப், லவ்’ என்றுதான் சொல்கிறார். தவிர, எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல் கிடைப்பதில்லை. ‘ஒன்ஸ் அண்ட் ஃபார் ஆல்’ என்பதற்கு ‘ஃபைனலி’ ஈடாகாது. ‘லெட் அஸ் செட்டில் திஸ் ஒன்ஸ் அண்ட் ஃபார் ஆல்’ என்பதில், இனி இந்தப் பேச்சே எழக் கூடாது என்ற சலிப்பும் சேர்ந்திருக்கிறது. ‘இதை இன்றோடு ஒரேயடியாக முடித்துவிடுவோம்’ என்பதற்கு மட்டுமே அது நிகர்.

தறிநூல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ரிஜெக்‌ஷன் விவரத்தைத் தயாரித்துவிட்டு, இன்று மாலை பையருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் இந்த இரண்டு வாக்கியங்களை மட்டும் யாரேனும் பார்த்துச் சொல்ல வேண்டும். (‘ஷேட் வேரியேஷன்’ என்பது துணியில் சாய நிறம் ஒன்றுபோல் இல்லாமல் மாறிவருவது.)

‘வி ஹேவ் பீன் ஹேவிங் ஷேட் வேரியேஷன் ஆன் அண்ட் ஆஃப் சின்ஸ் மார்ச்.’

‘வி ஹேவ் மோர் ஆர் லெஸ் சால்வ்ட் த ப்ராப்ளம்.’

பழைய வாத்தியார் எழுதியது:

முதல் வாக்கியம் பழுதில்லை. இரண்டாவதில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் பொருளை யோசியுங்கள். எண்ணுக்கு முன்னால் வரும் ‘மோர் ஆர் லெஸ்’ வெறும் ‘ஏறக்குறைய’. முடிந்த வினைக்கு முன்னால் வந்தால், ‘கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான்’ என்று அர்த்தமாகும். படிப்பவர், இன்னும் முடியவில்லை என்றே எடுத்துக்கொள்வார். சாயத்துச் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிட்டதென்றால் அந்த மூன்று சொற்களையும் எடுத்துவிடுங்கள்.

தறிநூல் எழுதியது:

அப்படியே இருக்கட்டும் ஐயா. சாயப்பட்டறையிலிருந்து இன்னும் இரண்டு லாட் வர வேண்டியிருக்கிறது.